இரண்டாவது துளை

மேட்டில் இருந்த ஜூனிப்பர் மரங்களில் ஒன்றே ஒன்றுதான் காய்த்திருந்தது.

மற்றவை ஐந்து வருட வறட்சிக்கு ஒவ்வொரு கிளையாகக் காயவிட்டு, ஏதோ ஒரு கொப்பில் மட்டும் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. அந்த மரத்தின் குணம் அது. கையைக் கொடுத்து உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். இது மட்டும் எதையும் கொடுக்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே பச்சை.

"அது வேணாம் ஒர்லி. அந்தப் பக்கம் பூரா பாம்பு," என்றான் ஹார்லன், வண்டியை நிறுத்தாமலே.

"இந்த வெயிலுக்குப் பாம்பெல்லாம் பொந்துல தூங்குது அத்தான். மணி உங்களுக்குத்தானே வேணும்? நிறுத்துங்க."

நிறுத்தினான். இறங்கவில்லை.

ஒர்லிண்டா தகர டப்பாவோடு நடந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் நவஹோ பழங்குடிப் பெண்கள் விற்கும் மணிகளில் அவள் கோத்ததுதான் முதலில் தீரும். ஜூனிப்பர் விதையை எறும்பு ஒரு முனையில் கடித்துத் துளைத்து, உள்ளே இருக்கும் பருப்பைத் தின்றுவிட்டு வெளியே தள்ளிவிடும். மறுமுனையை அவள் அரத்தால் ராவித் திறப்பாள். அப்புறம் நூல் ஓடும். கட்டிக்கொண்டவரிடம் ஆவி அண்டாது, கெட்ட கனவும் வராது.

ஹார்லனுக்கு வருடத்துக்கு ஒன்று போதவில்லை. கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, வண்டிக் கண்ணாடியில் ஒன்று. பெண்டாட்டியைத் தொலைத்தவன், கனவு வரத்தானே செய்யும் என்று அவளும் கேட்கும்போதெல்லாம் கோத்துக் கொடுத்தாள். பாவம் பார்த்துத்தான்.

அவன் பெண்டாட்டி அவளுடைய அக்கா. வெர்னெல். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆடு மேய்க்கப் போனவள். ஆடுகள் மட்டும் பட்டிக்குத் திரும்பின.

செத்தவர் பேரை நவஹோக்கள் வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பாராம். அதனாலேயே அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை வெர்னெல் வெர்னெல் என்கிறாள். பேர் வாயில் இருக்கிறவரைக்கும் மகள் எங்கேயோ இருக்கிறாள். எந்தக் காட்டுக்குப் போனாலும் அங்கிருந்து கிளம்பும்முன் அக்காவைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது ஒர்லிண்டாவுக்கு அம்மாவின் கட்டளை. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியே, "கூப்பிட்டியா?"

மரத்தடியில் எறும்புப் புற்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒரு சிட்டிகை சோளமாவு தூவி, எறும்புகளிடம் சொல்லிவிட்டு, ஓரத்தில் குவிந்திருந்த விதைகளை அள்ளினாள்.

முதல் விதை சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதைப் புரட்டினாள்.

மறுமுனையிலும் துளை இருந்தது.

எறும்பு ஒரு பக்கம்தான் கடிக்கும்.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இரண்டு துளை. அரம் பட்ட தடம் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரி ராவினால்தான் அப்படி விழும். அந்தச் சாலையில் மணி கோக்கிறவர்களில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

அவள் தன் இடது கையைப் பார்த்தாள்.

புற்றின் வாயிலிருந்து ஒரு எறும்பு நீலக் கண்ணாடி மணி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் அதைப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுக்க உள்ளே போய்விட்டது.

ஐந்து விதைக்கு ஒரு நீலமணி. அக்கா கல்யாணத்துக்கு ஒர்லிண்டாவே கோத்த கைவளை. அக்கா அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

புற்று ஆளுயரம் ஆழம் போகும் என்பது ஒர்லிண்டாவுக்குத் தெரியும். மேலே பார்த்தாள். மரம் அவ்வளவு பச்சையாக இருந்தது.

"போதும் ஒர்லி!" வண்டியிலிருந்து ஹார்லன் கத்தினான். "உங்க அக்காவக் கூப்பிட்டுட்டு வா, கெளம்பலாம்."

உங்க அக்கா.

ஆறு வருடமாக அப்படித்தான் சொல்கிறான். துக்கத்தில் பேரைச் சொல்ல முடியவில்லை என்றே வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஒர்லிண்டா பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். போலீஸ் வந்த அன்று. அம்மா நோட்டீஸ் ஒட்டிய அன்று. அதற்கும் முன்னால், முதல் நாள் விடியற்காலையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அவன் சொன்னது: "உங்க அக்கா ராத்திரி வீட்டுக்கு வரல."

அன்றைக்கு அக்கா காணாமல்தான் போயிருந்தாள், அவ்வளவுதான். அவனைத் தவிர ஊரே பேர் சொல்லித் தேடியது.

ஒர்லிண்டா விதைகளை டப்பாவில் போடாமல் கைக்குள் மூடிக்கொண்டாள். சாலைக்கு இன்னும் பத்து மைல். எப்போதும்போல இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எப்போதும்போலக் காட்டைப் பார்த்துத் திரும்பினாள். எப்போதும்போல வாயைத் திறந்தாள்.

மூன்று முறை. அவ்வளவுதான் செய்ய வேண்டும்.

காலடியில் எறும்பு இன்னொரு நீலமணியைக் கொண்டுவந்து போட்டது. கீழே கிடக்கிறவளைத் திரும்பிப் பார்க்க வைக்க அவளால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

காடு சத்தமில்லாமல் இருந்தது. வண்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அன்றைக்கு முதல்முறையாக அவன் வண்டியைவிட்டுக் கீழே இறங்கினான்.

"ஏன் ஒர்லி," என்றான் மெதுவாக, "இன்னிக்கு நீயும் பேரைச் சொல்லல?"