யானை, மனிதன், எறும்பு

வெனிங் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த சத்ரியோவும் அப்படியே செய்தான்.

இருவருக்கும் நடுவே, ஆவி பறக்கும் பக்சோ இறைச்சி உருண்டை சூப் கிண்ணங்களுக்குப் பக்கத்தில், அலுவலகக் கைபேசி கிடந்தது.

நிறுவனத்தின் கணினி சர்வர் படுத்துவிட்டால் அதுதான் முதலில் அலறும். அதை முறை வைத்துச் சுமப்பவர்கள் இவர்கள் இருவரும்தான். வெனிங்கின் கல்யாணக் கெபாயாவுக்கு அளவெடுத்தபோதும் அலறியது. தையல்காரி ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. இவர்கள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும்.

யார் என்று ஒரு மாதமாகப் பேசினார்கள். உன் இஷ்டம் என்பான் அவன். இல்லை, உன் இஷ்டம் என்பாள் அவள். அவர்கள் இவ்வளவு மரியாதையாக வேறு எதற்கும் பேசிக்கொண்டதில்லை.

கடைசியில், யோக்யகர்த்தா பிள்ளைகள் மிச்சமிருக்கும் ஒரே வாழைக்காய் பஜ்ஜிக்குச் செய்வதைச் செய்தார்கள்.

கட்டைவிரல் யானை. ஆள்காட்டி விரல் மனிதன். சுண்டுவிரல் எறும்பு. யானை மனிதனை மிதிக்கும். மனிதன் எறும்பை நசுக்குவான். எறும்பு யானையின் காதுக்குள் புகுந்துவிடும்.

தோற்றவர் வேலையை விட வேண்டும். கடைசி நாளான வெள்ளிக்கிழமை குழுவுக்கெல்லாம் பெட்டிச் சோறும் வாங்கித் தர வேண்டும். விலகுகிறவர் யாராயிருந்தாலும் அது வழக்கம்.

சத்ரியோ எப்போதும் யானைதான். எந்தப் பந்தயமானாலும் கட்டைவிரலைத்தான் நீட்டுவான். இதைத் தெரிந்துகொண்டு, சுண்டுவிரலை நீட்டியே வெனிங் அவன் செலவில் எத்தனையோ காபி குடித்திருக்கிறாள்.

"பயமா இருக்கா?" என்றான்.

"உனக்குத்தான் வேர்க்குது."

கைகள் முன்னால் வந்தன.

அவள் நீட்டியது ஆள்காட்டி விரல்.

அவன் நீட்டியது சுண்டுவிரல்.

வெனிங் ஜெயித்துவிட்டாள். ஜெயித்த விரலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யானை எங்கடா போச்சு?"

"வேலைய விட்டுப் போயிடுச்சு."

தோற்றவன் கைபேசியைச் சட்டையில் துடைத்து, அவள் கிண்ணத்தருகே பணிவாக வைத்தான்.

கரண்டியும் கையுமாக வந்து நின்றாள் கடைக்காரி சுமினி அக்கா.

"ஆட்டம் முடிஞ்சுதா? வெள்ளிக்கிழமைக்குப் பெட்டிச் சோறுன்னு நீயும் வந்து ரகசியமா சொன்ன, அவனும் வந்து ரகசியமா சொன்னான். இப்ப யாரோடத நிறுத்தணும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் காது சிவந்தது சத்ரியோவுக்கு.

கைபேசி அலறியது. பழக்கதோஷத்தில் நீண்ட அவன் கையை வெனிங் பிடித்து அமுக்கினாள்.

"எதையும் நிறுத்தாதீங்கக்கா. ஆளுக்கு ரெண்டு பெட்டி சாப்பிடட்டும்."