உள்தாழ்ப்பாள்

"கதவைத் திற. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

தையல்காரர் ஆஸ்பத்திரி அறையின் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருப்பவள் அவர் மனைவி. ரயில் இன்ஜின் ஓட்டுகிறவள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள்; தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்கு முதுகுத்தண்டின் அடியில் குதிரை வால் மாதிரி பிரிந்து இறங்கும் நரம்பு வேர்களிலேயே முளைத்த கட்டி. பெரிய டாக்டரே அபூர்வம் என்றார். வருஷக்கணக்கில் வெறும் இடுப்பு வலி என்று மாத்திரை விழுங்கினாள். படுத்தால் வலி கூடுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினாள். போன வாரம்தான் கட்டியை எடுத்தார்கள்.

"கால் தேறிடும்மா," என்று டாக்டர் இன்று சொன்னார். "ஆனா நரம்பெல்லாம் ரொம்ப நசுங்கிப்போச்சு. ஒண்ணுக்குப் போக ஆயுசுக்கும் ட்யூபும் பையும் தேவைப்படலாம்."

"இடுப்புல பையைத் தொங்கவிட்டுக்கிட்டு இன்ஜின்ல ஏறச் சொல்றீங்களா? அப்படி ஒரு பொழப்பு எனக்கு வேணாம் சார்."

டாக்டர் போன பிறகு, காலையில் பழைய ட்யூபைக் கழற்றியிருந்த நர்ஸ் புது ட்யூபோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் மனைவி வாக்கரைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போனவள்தான்.

"அவ சொன்னா செஞ்சிடுவா," என்றார் தையல்காரர். "இன்ஜின் வேலைக்குப் போகாதேன்னு ரெண்டு குடும்பமும் ஒத்தக்கால்ல நின்னப்பவே காதுல வாங்காதவ."

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க தம்பி?" என்றாள் மனைவியின் அக்கா. "கதவு போனா போகுது. உடைக்கச் சொல்லுங்க."

நர்ஸ் கதவில் வாயை வைத்துக் கெஞ்சினாள். "நேரமாக ஆக கிட்னிக்கு ஆபத்தும்மா. வெளியே வாங்க."

"எங்கிட்ட வராதீங்க." உள்ளேயிருந்து குரல் வெட்டியது. "இது என் உடம்பு. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

தையல்காரர் கதவோடு ஒட்டி நின்றார். "பையோ குழாயோ, நான் பாத்துக்கறேன். எனக்கு நீ இருந்தா போதும். கேக்குதா?"

பதிலுக்கு வாக்கர் சுவரில் மோதுகிற சத்தம். அப்புறம் ஒரு நீண்ட விசும்பல்.

வார்டு ஊழியர் இரும்புக் கம்பியோடு ஓடி வந்து கதவிடுக்கில் சொருகினார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். "நெம்புங்க அண்ணே," என்று தையல்காரர் தானும் கம்பியைப் பிடித்தார். மரம் விரிசல்விட்டது.

"யாரும் கதவைத் தொடாதீங்க." அழுகைக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ட்யூபே இல்லாம தானா போயிட்டிருக்கேன்."