நான்கு முதுகுகள்

இருபத்திரண்டு வருடம் ராக் குழுக்களில் பின்னால் உட்கார்ந்தே டிரம்ஸ் வாசித்த ஜெபராஜுக்கு, மனிதர்களை முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். இப்போது அவன் பெயரில் முதல் ஆல்பம், அவனே தலைவன். கடைசிப் பாட்டுக்கு ஸ்டூடியோவில் அரைமணி நேரம்தான் மிச்சம். குழுவில் மற்ற நான்கு பேரும் தலைவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவனுக்குக் கை ஓடவில்லை.

“திரும்பி நில்லுங்கடா, கெஞ்சிக் கேக்குறேன்.”

“ஏண்ணே, எங்க மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்றபடி கிதார்க்காரன் திரும்பினான். மற்றவர்களும் திரும்பினார்கள்.

பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. மேடைப் பழக்கத்தில், சூடேறச் சூடேற நால்வரும் முன்னே நகர்ந்தார்கள். இங்கே முன்னால் கூட்டமில்லை, கதவுதான் இருந்தது. கூப்பிட்டால் பாட்டு கெடும். கூப்பிடாவிட்டால் வாசிக்க ஆளிருக்காது. ஜெபராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடித்தான்.

முன்னால் போனவன் கதவைத் தள்ளித் திறந்த சத்தம்கூடத் தாளத்தில்தான் விழுந்தது.