ஷூவக் காட்டுங்க

பதினோரு ஜோடி ஷூக்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குள் ஸ்டேஷனின் பதினோரு போலீஸ்காரர்களும் நின்றார்கள். மோகனா அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்னால், பறிமுதல் செய்த பைக்குகள் துருப்பிடித்துக் கிடக்கும் இடம். வேலூரிலிருந்து விசாரணைக்கு வந்த டி.எஸ்.பி. கோதண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தோடு நின்றார்.

‘மனுதாரரால் யாரையும் அடையாளம் காட்ட இயலவில்லை’ என்று முந்தின நாளே டைப் அடித்து வைத்த காகிதம். மோகனாவின் கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட்டுவிட்டால் அவள் கொடுத்த புகார் செத்துவிடும். அவள் மேல் போட்ட கேஸ் மட்டும் உயிரோடு இருக்கும்.

கேஸ் அப்படியொன்றும் சிக்கலானது இல்லை. ஷூ கம்பெனியில் இனி டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாற்பது பெண்கள் கேட்டுக்கு வெளியே, ரோட்டை மறிக்காமல், கோஷம்கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது.

மோகனா தன் வலது மணிக்கட்டால் அரசாங்க லத்தியைத் தாக்கினாள் என்கிறது எஃப்.ஐ.ஆர்.

லத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டுக்குத்தான் மாவுக்கட்டு.

அன்றைக்கு வந்தவர்கள் தலையில் ஹெல்மெட் இருந்தது. சட்டையில் பெயர்ப் பட்டை இல்லை. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பட்டை தொலைந்துவிட்டதாம். யார் யார் டியூட்டிக்குப் போனார்கள் என்று எழுதிய பக்கத்தில் பாவம், டீ கொட்டிவிட்டதாம்.

முந்தின நாள் விசாரணையில் டி.எஸ்.பி. கேட்டார். “மூஞ்சியப் பாத்தியாம்மா?”

“எங்க சார், ஹெல்மெட்டு போட்டுக்கினு இருந்தாங்க. ஷூவக் காட்டுங்க, சொல்லிட்றேன்.”

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மோகனா பதினான்கு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். அவள் கண்ணைத் தாண்டித்தான் ஒவ்வொரு ஜோடியும் கப்பல் ஏறும். தையல் மயிரிழை விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டிவிடுவாள். அந்த வட்டாரத்தில் இது தெரியாத வீடு கிடையாது, போலீஸ்காரர்கள் வீடு உட்பட.

இப்போது வரிசைக்கு முன்னால் வந்ததும் தயங்கினாள். பயம்தான், வேறென்ன. இருந்தாலும் குனிந்தாள்.

முதல் ஜோடி புத்தம் புதுசு. ஒரு வாரம் போட்டு நடந்தாலே விரல் மடங்கும் இடத்தில் சுருக்கம் விழுந்துவிடும். இதில் ஒரு கோடுகூட இல்லை.

இரண்டாவதும் புதுசு. மூன்றாவதும் புதுசு.

நான்காவதின் குதிகாலில் விலைச் சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்கள். ஐந்தாவது ஆசாமி ஒன்பதாம் நம்பர் காலை எட்டாம் நம்பருக்குள் திணித்துக்கொண்டு, வலது காலும் இடது காலுமாக மாறி மாறி நின்றார்.

ஆறாவதும் புதுசு. ஏழாவது ஜோடியைப் பார்த்ததும் மோகனாவுக்குச் சிரிப்பு முட்டியது. நாடாவுக்கு அடியில் வரும் நாக்கைக் கோணலாகத் தைத்திருக்கிறது என்று போன மாதம் அவளே ஓரங்கட்டிய ஜோடி. கம்பெனி கழித்த சரக்கை விற்கும் சர்தார் பாஷாவுக்கு ஆம்பூர் பஜாரில் நேற்று நல்ல வியாபாரம் நடந்திருக்கிறது.

எட்டு, ஒன்பது, பத்து. எல்லாமே பளபளவென்று இருந்தன.

கடைசி ஜோடி பழசு. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அறுந்த நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஏட்டு அந்தோணியுடையது. மோகனா அங்கேயே நின்றுவிட்டாள்.

அந்தோணிக்கு முகம் வெளிறியது. மற்ற பத்துப் பேருக்கும் மூச்சு வந்தது. இன்ஸ்பெக்டர் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ஒருத்தனோடு போனால் சரி என்று அவர் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

“இவரா?” என்றார் டி.எஸ்.பி.

“இவரு இல்ல சார். இவரு அன்னிக்கு வரவே இல்ல. மீதி பத்துப் பேரும்தான். வந்தவங்களுக்குத்தான சார் ஷூவ மாத்த வேண்டிய அவசரம்?”

ஐந்தாவது ஆசாமிகூட அசையாமல் நின்றார்.

டி.எஸ்.பி. லீவு நோட்டை எடுத்து வரச் சொன்னார். அதில் யாரும் டீ கொட்டியிருக்கவில்லை. மச்சினன் நிச்சயதார்த்தத்துக்காக ஜோலார்பேட்டை போவதாக, அன்றைய தேதியில் அந்தோணியின் லீவு இருந்தது. அந்தோணி மாவுக்கட்டைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றார்.

டி.எஸ்.பி. எழுந்து வந்து வரிசையைக் குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே திரும்பி, இன்ஸ்பெக்டரின் காலையும் பார்த்தார்.

அதுவும் புதுசு.

மறுபடி டைப் அடித்த காகிதம் வருவதற்கு அரை மணி நேரம் ஆனது. இந்த முறை அதில் பதினோரு பெயர்கள் இருந்தன, அந்தோணி பெயர் இல்லை. மோகனா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஷூவைக் காட்டச் சொன்னாளே தவிர, அன்றைக்கு ஷூவைப் பார்த்ததாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதல் லத்தி ஓங்கியபோதே பயத்தில் இறுக்கி மூடிய கண்ணை அவள் ஆஸ்பத்திரியில்தான் திறந்தாள்.