வாய் ஓயாத கைப்பட்டை

ஆவுடையப்பனுக்கு இதயக் கோளாறு. டாக்டர் அவர் நெஞ்சில் ஒரு வில்லையை ஒட்டி, மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிட்டார். இரண்டும் ரேடியோ அலையில் சொல்வதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குச் சேதி அனுப்ப, இடுப்பில் ஒரு பெட்டி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்பது பெட்டியின் சட்டம்.

கைப்பட்டைக்கு வாய் ஓயாது. "ஒரு அடி வெச்சாருங்க ஐயா. இன்னொரு அடி வெச்சாருங்க ஐயா. முதுகைச் சொறிஞ்சாருங்க ஐயா." பெட்டிக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

வில்லை பெரும்பாலும் தூங்கியது.

"தூங்கவா உன்னை ஒட்டினாங்க?" என்று கேட்டது பட்டை.

"இதயம் ஒழுங்கா அடிக்குது. அதுல சொல்ல என்ன இருக்கு? நமக்கு இருக்கிறதே பொட்டு பாட்டரி" என்று வில்லை மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு நாள் மலைக்கோயில் படியேறும்போது ஆவுடையப்பனின் இதயம் தாளம் தப்பியது. வில்லை பதறி விழித்துப் பேச வாயெடுத்தது.

"இரு, அவன் பேசி முடிக்கட்டும்" என்றது பெட்டி.

பட்டை முடிப்பதாக இல்லை. "வேர்க்குதுங்க ஐயா. துண்டை எடுத்தாருங்க ஐயா. படியில உட்கார்ந்தாருங்க ஐயா. படி நல்ல அகலமா..." அத்தோடு அதன் பாட்டரி தீர்ந்தது.

கிடைத்த அமைதியில் வில்லை ஒரே வார்த்தை சொன்னது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆவுடையப்பன் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் பட்டைக்கு சார்ஜ் போட்டார்கள். நடந்ததைக் கேட்டதும் அது நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நான் மட்டும் சரியான நேரத்துல வாயை மூடலைன்னா இந்த மனுஷன் போய்ச் சேர்ந்திருப்பாருங்க ஐயா. எப்படின்னா..."

பெட்டி உருகிப்போய்க் கேட்டது.

வில்லை இதயத்தோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. "இவன் பாட்டரி தீர்ற வரைக்கும் பொறுத்துக்கோ, ராசா."