கூட்டைக் காட்டிக் கொடுத்தவர்

'தாம்பரம் பறவை அன்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் ஒரு கருங்காலி இருக்கிறான் என்பதில் ஷீலாவுக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதுதான் தெரியவில்லை.

குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பதினான்கு விதிகள். அட்மின் ஸ்ரீநிவாசராகவன் ஒரு கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. 'காலை வணக்கம்' போட்டால் எச்சரிக்கை. சிக்கன் பிரியாணியைப் படம் பிடித்து 'இன்று கண்ட பறவை' என்று போட்ட ஒரு குறும்புக்காரரை இரண்டே நிமிடத்தில் வெளியே தள்ளினார். அதற்காகவே அடுத்த ஓட்டெடுப்பிலும் ஏகமனதாக அவரையே அட்மின் ஆக்கினார்கள்.

விதிகளில் நான்காவதுதான் உயிர்நாடி. பறவை முட்டையிட்டிருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது. அங்கே போய்ப் படமும் எடுக்கக் கூடாது.

சென்ற வருடம் யாரோ அந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டார்கள். கொம்பன் ஆந்தை முட்டையிட்டிருந்த ஒரு பாறைக்கு முப்பது பேர் கேமராவும் கையுமாக வந்து இறங்க, ஆந்தை பறந்து போனது திரும்பவே இல்லை. முட்டைகள் வீணாயின. நம்பி நாலு பேரிடம் இடத்தைச் சொன்னவள் ஷீலாதான். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷீலாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சர்க்கரை பார்ப்பவர்களின் வீடு தேடி விடியற்காலையிலேயே போய் ரத்தம் எடுக்க வேண்டும். அப்படி ஒரு நாள் திருநீர்மலைப் பக்கம் ஸ்கூட்டியில் போனபோது, கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்கில் மறுபடியும் கொம்பன் ஆந்தையைப் பார்த்துவிட்டாள். கூடவே பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகள். இந்த முறை கணவன் ஜெபகுமாரிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. அட்மினிடம் மட்டும் சொன்னாள்.

"முதல்ல அந்தக் கருங்காலியைப் பிடிக்கணும்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "போன வருஷம் நீங்க சொன்ன நாலு பேர்ல ரெண்டு பேர் மேல எனக்குச் சந்தேகம். ஆந்தை முடிச்சூர் ஏரிக்கரையில இருக்குன்னு ஃபிரெடி கிட்ட மட்டும் சொல்றேன். வைத்தீஸ்வரன் கிட்ட குன்றத்தூர்ப் பனந்தோப்புன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலையில எங்க கூட்டம் சேர்றதோ, அந்த ஆள்தான் திருடன்."

"சார், அப்ப குவாரிக்கு யாரு காவல்?"

"யாரும் வேண்டாம். நீங்க போனா உங்க பின்னாலயே நாலு பேர் வருவாங்க. அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க. நீங்க ரெண்டு இடத்தையும் பாருங்க, நான் குரூப்பைப் பார்த்துக்கறேன்."

பரீட்சையில் பிட் அடிப்பவர்களை முப்பது வருடம் பிடித்த மூளை சும்மா இருக்குமா என்று ஷீலா வியந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெபகுமாரைக் குன்றத்தூருக்கு விரட்டினாள்.

"ஆந்தைக்கோசரம் பூசையைக் கட் அடிக்கச் சொல்றியே, ஃபாதர் கேட்டா இன்னா சொல்றது?"

"சாயங்காலப் பூசைக்குப் போய்க்கலாம். நீ கெளம்பு."

முடிச்சூர் ஏரிக்கரையில் ஒரு கருவேலம் புதருக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டாள். கொசு பிடுங்கித் தின்றது. ஆறரை மணிக்குள் இருபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். முக்காலியும் லென்ஸுமாக முன்வரிசையில் நின்றவன் சாட்சாத் ஃபிரெடி.

ஷீலா புதரை விட்டு வெளியே வந்தாள். "ஃபிரெடி! உனக்கு வெக்கமா இல்ல?"

"அக்கா, சத்தியமா ஒரே ஒரு ஃபிரெண்டு கிட்டதான் சொன்னேன். அவன் கிட்டயும் யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லித்தான் சொன்னேன்!"

"அப்ப இவங்கள்லாம் வாக்கிங் வந்தவங்களா?"

ஃபிரெடி லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். ஷீலாவுக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் ஆள் அகப்பட்ட சந்தோஷம். அந்த நேரம் பார்த்து ஜெபகுமார் போனில் வந்தான்.

"இன்னாம்மா இது, இங்க ஒரே கூட்டமா கீது! கேமராவைத் தூக்கிகினு நாப்பது பேரு நிக்கிறான். சைக்கிள்ல டீக்காரன்கூட வந்துட்டான். தொப்பி போட்டுகினு மரம் மரமா கை காட்றாரே, அவருதான் உங்க வைத்தீஸ்வரன் சாரா?"

ஒரு கருங்காலியைத் தேடினால் இரண்டு பேர் சிக்கியிருக்கிறார்கள். ஷீலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரில் கேமரா வைத்திருக்கிற அத்தனை பேரும் இந்த இரண்டு இடங்களில்தான் நிற்கிறார்கள். குவாரிக் குஞ்சுகள் நிம்மதியாகத் தூங்கும்.

அட்மினை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நேரில் சொன்னால்தான் இந்தச் சேதிக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டு சேலையூரில் இருந்த அவர் வீட்டுக்கே ஸ்கூட்டியை விட்டாள்.

அவர் மனைவி சுந்தரவல்லி வாசலில் பவழமல்லி பொறுக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா ஷீலா, காபி சாப்பிடறியா?"

"காபியெல்லாம் அப்புறம் மாமி. ரெண்டு கருங்காலிங்களையும் கையும் களவுமா பிடிச்சாச்சு. ஆந்தைக் குஞ்சுங்க பொழச்சுதுங்க! சார் எங்க?"

"ஏதோ போட்டோ போட்டிக்கு இன்னிக்குக் கடைசி நாளாமே... 'எல்லாரையும் முடிச்சூருக்கும் குன்றத்தூருக்கும் அனுப்பியாச்சு, இனிமே தொந்தரவு இல்லாம எடுக்கலாம்'னு சொல்லிட்டு, விடியறச்சேயே கேமராவைத் தூக்கிண்டு திருநீர்மலைக் குவாரிக்குக் கிளம்பிட்டாரே!"