பவளம் பத்திரம்

நாலு நாள் அக்கா வீட்டில் தங்கிவிட்டு வந்த மனைவி, பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் மீன்தொட்டியிடம் போய் நின்றாள். அவள் கணவர் கணக்கு வாத்தியார் அவசரமாகப் பெட்டியை வாங்கிக்கொள்ள ஓடி வந்தார்.

கிளம்பும்போதே அவள் நூறு தடவை சொல்லியிருந்தாள்: "தொட்டியில வளர்ற உயிர்ப் பவளத்துக்குக் காலையில கால்சியம், சாயங்காலம் காரத்தன்மை மருந்து. ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா அவ்வளவுதான்!"

முதல் நாளே, ஒரே வேலையாக முடியட்டுமே என்று அவர் இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டார். தொட்டி பாலாகிவிட்டது. தெளிந்தபோது பவளத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. பதறிப்போய் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, மூலைக் கடையில் அதே நிறங்களில் பிளாஸ்டிக் பவளம் வாங்கி வைத்திருந்தார்.

"என்னங்க, இந்த ஊதாக் கிளை இவ்வளவு குட்டையா இருக்காதே?"

வாத்தியார் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். "மன்னிச்சிடும்மா. எல்லாத்தையும் கொன்னுட்டேன். இது பிளாஸ்டிக்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். தோள் குலுங்கியது சிரிப்பில்!

"நீங்க தூக்கிப் போட்டதும் பிளாஸ்டிக்தாங்க! போன வருஷமே நானும் ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டேன். கல்யாண நாளுக்கு நீங்க ஆசையா வாங்கித் தந்ததாச்சே, எப்படிச் சொல்றதுன்னு மாத்தி வெச்சுட்டேன்."

"அப்போ தினமும் அளந்து அளந்து ஊத்தினது?"

"உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதேன்னுதான். மூலைக் கடையிலதான் வாங்கினேன்."

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அதானா! அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், 'என்ன சார், மறுபடியுமா?'ன்னு கேட்டாரு!"